சாட்சி கடல் பற்றிக் கூறினார்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். 2006 பிப்ரவரியில், அரசாங்க டைப்ரைட்டரில், மூன்று கார்பன் தாள் செருகி, நான்கு பக்கம். தலைப்பு: விசாரணை நடவடிக்கைக் குறிப்பு. அதில் ஆட்கள் இருந்தார்கள், சம்பவம் இருந்தது, முடிவும் இருந்தது. நடந்தது மட்டும் இல்லை. அந்த நான்கு பக்கத்தை வைத்து ஒச்சாண்டி என்ற மனிதரை வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது 2010. நான்கு வருஷம் கழித்து அதே கதையைத் திரும்ப எழுத உட்கார்ந்திருக்கிறேனே, இதைக் கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். உறுத்தல்தான்.

என் பெயர் விஜயகுமார். பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறேன். பாசனத்துக்கான ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன், ஏழெட்டு பிரசுரமாகியிருக்கின்றன. ஆபீசில் என்னை ‘எழுத்தாளரே’ என்று கூப்பிடுவது கேலிக்குத்தான். எந்த ஆபீஸ், எந்த அணை என்று சொல்லமாட்டேன். வைகை அணை இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அங்கே பூங்கா பார்க்கப் போகிறவர்களெல்லாம் வந்து என்னைக் குடைவார்கள். மேற்கு மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணை. கதைக்காக நெல்லியோடை அணை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒச்சாண்டி அந்த அணையில் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும், காலை மாலை நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை. பதினோரு வருஷம் தினக்கூலியாகவே பார்த்தார். நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்த மாதத்தில்தான் இது நடந்தது. அவர் செய்யாத ஒன்றைச் செய்தார் என்று எழுதினார்கள். அவர் கண்ணால் பார்த்ததைக் கட்டுக்கதை என்று எழுதினார்கள். எழுதினார்கள், எழுதினார்கள் என்கிறேன் பாருங்கள், என்ன நெஞ்சழுத்தம்! தட்டியது என் விரல்கள்.

2

எங்கே தொடங்குவது என்று பதினைந்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டேன். எழுத எழுதப் பக்கங்களை யாஸ்மின் டீச்சரிடம் கொடுத்தேன். கதையில் பாதி அவர் கண் வழியாகத்தான் நடக்கிறது, அதனால் அவர் பார்க்காமல் முடியாது. சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதையெல்லாம் மறைக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: “ஆழ்கடலின் இருளில், மனிதக் கண் காணாத ஒரு மாபெரும் பள்ளத்தாக்கு மௌனமாக”

[யா: நிறுத்துங்க சார். டிவியில பின்னாடி குரல் கொடுக்குற மாதிரி இருக்கு.]

இரண்டாவது தொடக்கம்: “கம்பம் பள்ளத்தாக்கின் பச்சைப் பட்டு விரித்த வயல்வெளிகளில்” — இதை நானே அடித்துவிட்டேன். சுற்றுலாக் கையேட்டுக்கு எழுதினால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: “2005 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, யாஸ்மின் டீச்சர் முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு நெல்லியோடை அணைக்கு வந்தார்.”

[யா: முப்பத்தாறு. ரெண்டு பேர் லீவு.]

சரி, முப்பத்தாறு. இப்படியே தொடங்கலாம். எண்ணிக்கையில் இவ்வளவு கறாராக இருக்கிறவரைத்தான் எங்கள் ஆபீசில் ‘கற்பனை வளம் உள்ள சாட்சி’ என்று சொல்லிச் சிரித்தார்கள்.

3

யாஸ்மின் உத்தமபாளையத்துக்காரர். அத்தா அப்துல் அஜீசுக்குத் தேங்காய் மண்டி. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகச் சென்னைக்குப் படிக்கப் போனவர் அவர்தான். போய்ப் படித்தது கடலடி நிலவியல். “ஏ ஆத்தா, கடலுக்கு நம்மூர்ல எங்கன போவ?” என்று கேட்டுச் சிரிக்காத சொந்தம் கிடையாது. படிப்பு முடிந்த வருஷம் அத்தா படுத்துவிட்டார். திரும்பிப் போகும் பேச்சு அத்தோடு நின்றது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த வேலை, பூகோளம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அப்பால் கடலுக்கடியில் கிடக்கும் பள்ளத்தாக்குகளுக்கு இரண்டு வருஷம் வரைபடம் போட்டவர், பருத்தி விளையும் இடத்தை இந்திய வரைபடத்தில் குறிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிள்ளைகளை அணைமேல் நடத்திப் போகும்போது முதலில் நீர்ப்பக்கம் பார்த்தார். தண்ணீர் தெளிந்து பச்சையாகக் கிடந்தது. கரைக்கல்லில் ஒட்டிய பாசிகூடத் தெரிந்தது. பிறகு கீழ்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். மதகிலிருந்து பாய்ந்த தண்ணீர் கெட்டிச் செம்மண் நிறத்தில் இருந்தது. திரும்ப மேலே பார்த்தார். திரும்பக் கீழே. பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

மதகு அறை வாசலில் ஒச்சாண்டி நின்றார். இரண்டு பேரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

“அண்ணே, இந்தச் செவப்புத் தண்ணி எங்கனருந்து வருது?”

“நேத்து மேல்மலையில பேஞ்சதுதான் டீச்சரு.”

“மேல தெளிவாக் கெடக்கே?”

“அது முங்கிரும்ல.” ஒச்சாண்டி கையை நீட்டினார். “அந்தா, ஆறு வந்து விழுகுற எடத்துல பாருங்க. செத்தை குப்பை ஒரு கோடா நிக்குதா? வெள்ளம் அங்கன வந்து முங்கிரும். முங்கி, தரையோட தரையா ஊர்ந்து வந்து, இங்கன மதகுல வெளிய வரும். மண்ணுத் தண்ணி கனம்ல? கனமானது மேல மெதக்குமா?”

யாஸ்மின் பார்த்தார். இலையும் சுள்ளியும் நுரையும் தண்ணீரின் குறுக்கே கோடு போட்டதுபோல் ஒதுங்கி நின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் செந்நிறம், இந்தப் பக்கம் பச்சை.

“இதை யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லணும்? பதினோரு வருசமா இங்கனதான நிக்கிறேன். புது ஆபீசரு வந்தா இந்தக் கோட்டக் காமிப்பேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக.”

யாஸ்மின் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினார்: காலை 10.20. செத்தைக்கோடு எங்கே நிற்கிறது என்று படமும் போட்டார். படிப்பில் வரைபடமாக மட்டுமே பார்த்த ஒன்று, பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துசேரும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டதாம்.

[யா: அழுகலை. கண்ணுல தூசி.]

4

இந்த இடத்தில் கதை நிற்கிறது. பத்திரிகை ஆசிரியர்கள் ‘இதைச் சுருக்குங்கள்’ என்பார்கள். மாட்டேன். விசாரணை அதிகாரி பொருத்தமில்லை என்று தள்ளியதை நீங்களாவது இரண்டு நிமிஷம் கேளுங்கள்.

கடல் கரையிலிருந்து ஒரேயடியாக ஆழமாகிவிடாது. கொஞ்ச தூரம் ஆழம் குறைந்த மேடையாகப் போகும். மேடையின் விளிம்புக்கு அப்பால் சரிவு. அது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கும். அந்தச் சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்குகள் உலகமெங்கும் உண்டு. சிலவற்றின் சுவர்கள் நம் மேகமலையைவிட உயரம். நம் கிழக்குக் கடற்கரைக்கு அப்பாலும் இருக்கின்றன.

யார் அறுத்தது என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். ஆறுதான் என்றது ஒரு கட்சி. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது, அப்போது வெளியே தெரிந்த தரையில் ஆறுகள் ஓடின என்றார்கள். பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்கு அது சரி. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எந்த ஆறு ஓடியிருக்கும்? கடல் அவ்வளவு தூரம் வற்றியதே இல்லை.

பதில் மண்ணில் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணலும் சேறும் மேடை விளிம்பில் குவிகின்றன. நிலம் நடுங்கினாலோ, புயல் கலக்கினாலோ, சில சமயம் சொந்த பாரம் தாங்காமலோ சரிகின்றன. சரிந்த சேறு தண்ணீரோடு கலந்தால் அந்தக் கலங்கல் சுற்றியிருக்கும் தண்ணீரைவிடக் கனம். தரையோடு தரையாகப் பாய்கிறது. பாயும்போதே தரையை அரித்து இன்னும் மண்ணை வாரிக்கொள்கிறது. மண் ஏற ஏற வேகம் கூடுகிறது. பக்கச்சுவர்களும் இடிந்து விழுந்து அதோடு போகின்றன. லட்சக்கணக்கான வருஷம் இப்படி நடந்தால் கடலுக்கடியில் பள்ளத்தாக்கு உண்டாகாமல் என்ன செய்யும்? வாரிக்கொண்டு போனதையெல்லாம் அடிவாரத்தில் விசிறிபோல் பரப்பிவிட்டு அந்த ஓட்டம் ஓய்கிறது.

[யா: இந்த யோசனையே ஏரியப் பாத்துத்தான் வந்துச்சு, அதை விட்டுட்டீக. ஆத்துத் தண்ணி ஏரிக்குள்ள முங்கி அடியில ஓடுறத நூறு வருசத்துக்கு முன்னாடியே ஐரோப்பாவுல எழுதி வச்சிருக்காக. அணைகள்லயும் பாத்திருக்காக.]

எழுதிவிட்டேன். இன்னொன்று. 1929இல் அட்லாண்டிக்கில், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம். கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகளில் மேட்டில் கிடந்தவை உடனே அறுந்தன. சரிவில் கீழே கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, பதிமூன்று மணி நேரத்துக்கு மேலாக அறுந்துகொண்டே போயின. எது எத்தனை மணிக்கு அறுந்தது என்று தந்தி ஆட்களிடம் நேரக் குறிப்பு இருந்தது. பல வருஷம் கழித்து அந்த நேரங்களை வைத்துத்தான் கடலடியில் ஒரு சேற்று வெள்ளம் பாய்ந்ததையும் அதன் வேகத்தையும் கணக்கிட்டார்கள்.

அங்கே தந்தி ஆபீசில் எவனோ ஒரு குமாஸ்தா எழுதிய நேரத்தை உலகமே எடுத்து வைத்துப் படித்தது. இங்கே லஸ்கர் எழுதிய நேரத்தின் கதி என்ன என்று கேளுங்கள், சொல்கிறேன்.

5

மதகுத் தண்ணீர் ஆற்றில் போய், கீழே ஐந்தாறு ஊர்களுக்குக் குடிதண்ணீர். இரண்டு நாள் குழாயில் செம்மண் வந்தது. மூன்றாம் நாள் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தத் தண்ணீரை நானும் பார்த்தேன், மாடு குடிக்காது. மேலிடத்திலிருந்து போன் மேல் போன். உதவிப் பொறியாளர், ஆபீசில் ஏ.இ. என்போம், ஜீப்பில் அணைக்குப் போனார். அதற்குள் மழை ஓய்ந்து, வெள்ளம் நின்று, செத்தைக்கோடும் கலைந்துவிட்டது. மேலே நின்று பார்த்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது.

மேலே தெளிவு, ஆகவே அடியில் படிந்த சேற்றை யாரோ கிளறியிருக்க வேண்டும், ஆகவே மணல்போக்கியைத் திறந்திருக்க வேண்டும், சாவி லஸ்கரிடம்தான். முடிந்தது கதை. அணையின் அடியில் தேங்கும் மணலை வெளியேற்றுகிற தனி மதகுதான் மணல்போக்கி. மேலிட உத்தரவு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஒச்சாண்டி தொடவில்லை. அதன் திருகில் ஏறியிருந்த துரு அப்படியே இருந்தது. துருவைப் பார்க்க ஐந்து படி இறங்கவேண்டும். உதவிப் பொறியாளர் இறங்கவில்லை.

பதிவேட்டில் வியாழக்கிழமைக் குறிப்பு இப்படி இருந்தது: “காலை 6.00. ஆற்று மதகு மட்டும் திறப்பு. மேலே தெளிவு. மதகில் கலங்கல். வெள்ளம் அடியில் வருகிறது.” அதன் பக்கத்தில் உதவிப் பொறியாளர் பச்சை மையில் எழுதினார்: “சாத்தியமற்ற பதிவு. குடிபோதையில் எழுதப்பட்டிருக்கலாம்.”

ஒச்சாண்டி குடிக்கமாட்டார். வெற்றிலைகூடப் போடமாட்டார். அதைச் சொன்னால், ‘எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்’ என்றார்கள்.

குற்றச்சாட்டுக் கடிதத்தோடு ஒச்சாண்டி யாஸ்மினின் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரு, அன்னைக்கு நீங்க நோட்டுல எழுதுனீகள்ல? அத வந்து சொல்வீகளா? பட்டியல்ல பேரு வந்துருச்சுன்னு எம்பொண்டாட்டி அக்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா.”

“வாரேன்ணே. நோட்டும் வரும், நானும் வாரேன். சும்மா வரமாட்டேன், கண்ணுல காமிச்சிட்டுத்தான் போவேன்.”

6

தேனியில் ஒரு மீன் தொட்டிக் கடையில் நீளமான கண்ணாடித் தொட்டி வாங்கினார். உள்ளே பலகையைச் சாய்த்துவைத்து, தெளிந்த தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் சேற்றுத் தண்ணீரை ஊற்றினால் அது அடியில் ஓடவேண்டும். வீட்டில் முதல்முறை செய்து பார்த்தபோது சேறு மேலே மிதந்தது! தம்பி இத்ரீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். யாஸ்மின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தார். சேறு கரைத்தது மாடித் தொட்டித் தண்ணீரில். வெயிலில் கொதித்துக் கிடந்தது. சூடான தண்ணீர் லேசு. மலைவெள்ளம் குளிர்ந்தது, அதனால்தான் இன்னும் சுலபமாக முங்குகிறது. பானைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். கிர்ரென்று அடியில் போனது. “ஏலே, இப்பச் சிரி பாப்போம்,” என்றார் தம்பியிடம்.

இனி விசாரணை அதிகாரி. ‘இந்தப் பாத்திரத்தை நம்பமுடியவில்லை’ என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், மீசையை முறுக்கவைத்தேன், மேசையைத் தட்டவைத்தேன், பொய்யாக வந்தது. வெளியூர்க்காரர். மென்மையாகப் பேசுவார். எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார், ஒச்சாண்டிக்கும். டீச்சரை ‘அம்மா’ என்றார். அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

பிப்ரவரியில் எங்கள் ஆபீசில் விசாரணை. யாஸ்மின் நோட்டைக் காட்டினார். செத்தைக்கோட்டுப் படத்தைக் காட்டினார். கடலடிப் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்கினார், அங்கேதான் வந்தது வினை.

“அம்மா, தேனி மாவட்டத்துல கடல் எங்கம்மா இருக்கு?”

“கடல் இல்ல சார். ஆனா அங்க பள்ளத்தாக்கு அறுத்த அதே ஓட்டம்தான் இங்கனயும் ஓடுச்சு. தண்ணிக்கு மாவட்ட எல்லை தெரியுமா?”

“சரி, சரி. எதையோ காட்டணும்னீங்களே?”

தொட்டியை வராந்தாவில் வைத்தார்கள். ஒச்சாண்டிதான் தண்ணீர் தூக்கினார். யாஸ்மின் சேற்றை ஊற்றினார். செந்நிறம் ஒரு கணம் மேலே தயங்கியது. பிறகு மூக்கைக் கீழே குத்தி முங்கி, பலகையை ஒட்டி உருண்டு உருண்டு ஓடி, மறுமுனையில் சுவரில் முட்டி எழுந்தது. மேல்தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அடியில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருந்தார். அதிலிருந்து செம்மண் தண்ணீர் கொட்டியது. வராந்தாவில் நின்ற பதினோரு பேரும் பார்த்தோம். பியூன் கை தட்டினான். விசாரணை அதிகாரி குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை ஊத்துங்கம்மா,” என்றார். ஊற்றினார். “அருமை!” என்றார். அவர் வாயாலேயே சொன்னார்.

யாஸ்மினும் ஒச்சாண்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

7

எல்லாரும் உள்ளே வந்தோம். வராந்தாவில் சிந்திய தண்ணீரைத் துடைக்கச் சொன்னார்கள், யாரைச் சொன்னார்கள் தெரியுமா? ஒச்சாண்டியை. தன் விசாரணைக்கு வந்த மனுஷன் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து எனக்குச் சொல்லத் தொடங்கினார், நான் தட்டினேன்.

“சாட்சி கடல் பற்றிக் கூறினார். இவ்விசாரணைக்குப் பொருத்தமற்றது.”

நாற்பது நிமிஷப் பேச்சுக்கும் இரண்டு தடவை ஊற்றிய தொட்டிக்கும் இவ்வளவுதான். நான் விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். டீச்சருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “தம்பி, அந்தம்மா சொல்றது சரிதான். ஆனா அதை எழுதினா, ஏ.இ. ரிப்போர்ட் தப்புன்னு ஆகும். குடிச்சிருக்கான்னு எழுதினதுக்கு அவர் பதில் சொல்லணும். அவர் நிரந்தரம். இவன் தினக்கூலிதானே. நீங்க தட்டுங்க.”

தட்டினேன். என்ன செய்திருக்க முடியும் என்று நான்கு வருஷமாக எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். தட்டாமல் இருந்திருக்கலாம். வேறென்ன.

தட்டியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. வாசித்தேன், கூடிய மட்டும் வேகமாக. யாஸ்மினுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன சார் இது? நீங்களே குனிஞ்சு பாத்தீக. அருமைன்னு சொன்னீக. அந்த அருமை எங்க இதுல?”

“அதெல்லாம் ரெக்கார்டுல வராதும்மா.”

“பொய்யின்னா வரும், நெசம்னா வராதா? இதுல கையெழுத்துப் போட நான் ஆள் இல்ல.”

அவர் போடவில்லை. ‘சாட்சி கையொப்பமிட மறுத்தார்’ என்று ஒரு வரி சேர்ந்தது. ஒச்சாண்டி துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தார். அவரிடமும் தாளை நீட்டினேன். நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதால்தான் அந்தத் தாளுக்குப் பலம் வந்தது. ‘அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார்’ என்றுதான் வேலைநீக்க உத்தரவில் இருக்கிறது.

ஏன் போட்டார்? இதற்கு முந்தைய மூன்று பிரதிகளிலும் இந்த இடத்தில் “அவரது வெள்ளந்தி மனம்” என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். யாஸ்மின் அந்தப் பத்தி முழுக்கக் குறுக்குக் கோடு போட்டு, ஓரத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தார்:

[யா: அவரைக் கேட்டேன். “போடலேன்னா இன்னும் மோசமாகும்னு சொன்னாக டீச்சரு”ன்னாரு. யாரு சொன்னான்னு சொல்ல மாட்டேன்னுட்டாரு. உங்களுக்குத் தெரியுமா சார்?]

தெரியும். சொன்னது நான்தான். “போட்டுருங்கண்ணே, போடலேன்னா இன்னும் மோசமாகும்,” என்று அவர் காதோரம் நான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று எழுத வந்தேன், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

8

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

முதலாவது: அதிகாரி தொட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று, ‘ஒச்சாண்டி நிரபராதி’ என்கிறார். எல்லாரும் கைதட்டுகிறார்கள். [யா: சினிமாவா?]

இரண்டாவது: ஒச்சாண்டி அணையில் விழுந்து சாகிறார். அவர் உடலும் செத்தைக்கோட்டில் முங்கி, அடியோடு ஊர்ந்து, மதகில்… இதற்குப் பரிசு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒச்சாண்டி இப்போது கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். அங்கே போய் வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த மருந்து டின்னைக் கீழே வைத்தார்.

“என்னைய ஏன் சார் கொல்றீக? நான் நல்லாத்தான இருக்கேன்? எனக்குச் சாவு வேணாம் சார். எம் வேலதான் வேணும். நான் பாத்தது பொய்யில்லன்னு ஒரு தாள் வேணும். இந்தக் கதையில அது வருமா, வராதா?”

மூன்றாவது: வெளிநாட்டிலிருந்து ஒரு கடலியல் பேராசிரியர் வருகிறார். ஒச்சாண்டியின் பதிவேட்டைப் பார்த்து வியக்கிறார். பத்திரிகைகளில் படம் வருகிறது. இதைப் படித்துவிட்டு யாஸ்மின் சிவப்பு மையில் எழுதவில்லை. பழனிசெட்டிபட்டிக்கு நேரில் வந்துவிட்டார், பக்கங்களைக் கையில் சுருட்டிக்கொண்டு.

“வெள்ளைக்காரன் வந்து சொன்னாத்தான் அந்த அண்ணன் கண்ணு பாத்தது நெசமாகுமா? வராந்தாவுல பதினோரு பேர் பாத்தோமே, நம்ம கண்ணெல்லாம் என்ன கண்ணு?”

9

அன்று சனிக்கிழமை மதியம். யாஸ்மின் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசைமேல், இந்தக் கதையின் மேலேயே வைத்தார். பிரமாணப் பத்திரம். ஒரே பக்கம். விசாரணை அன்று நான் அங்கே இருந்தேன். தொட்டியில் செய்து காட்டியது நடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். அவர் சொல்லி அந்த வரியை நான் தட்டினேன். ஒச்சாண்டியைக் கையெழுத்துப் போடச் சொன்னது நான். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“வேலைய விட்டு அனுப்புனத எதுத்து அந்த அண்ணன் போட்ட கேசு செவ்வாய்க்கிழமை வருது சார், மதுரையில. இதான் கடைசின்னு வக்கீல் சொல்லிட்டாரு. என் சாட்சிய பொருத்தமில்லன்னு எழுதிட்டாக. பியூனும் மத்தவுகளும் ஞாபகம் இல்லைங்குறாக. இருக்குறது நீங்க ஒருத்தர்தான். சாட்சின்னு உங்க பேரக் கோர்ட்டுல கொடுத்திருக்கு.”

“அதான் கதையா எழுதுறேனேம்மா. வேற பேரு போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு…”

“கதையா!” குரல் தெருவுக்குக் கேட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இத்தன பக்கம் எழுதியிருக்கீக. என்னைய அழுதேன்னு எழுதியிருக்கீக. கடலு, பள்ளத்தாக்கு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, நூத்துக்கு நூறு போடலாம். உங்க பேர எழுதுறதுக்கு மட்டும் கை வரல. எத்தன கதை சார் எழுதுவீக, ஒரு கையெழுத்துப் போடாம இருக்குறதுக்கு?”

எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே எனக்கும் ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் வரும், தட்டுவதற்கு வேறு ஆள் இருக்கிறான். அதைச் சொன்னேன். “தெரியும் சார்,” என்றார். “அந்த அண்ணனுக்கும் அன்னைக்கு இதே பயந்தான் இருந்துச்சு.” தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. தாள் என் முன்னால் இருக்கிறது, பேனா மூடி திறந்திருக்கிறது. வாசகரே, உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ‘கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதினால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் நடக்காததை நடந்ததாக நான்கு பக்கம் எழுதிய கை இது. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதியதும் இதே கைதான். இன்னொரு வரி எழுதினால் அதை எதை வைத்து நம்புவீர்கள்? நம்பக்கூடாது, அதனால் நான் எழுதப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பின்பெஞ்சில் உட்காரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒச்சாண்டி வெள்ளைச் சட்டையில் ஓரமாக நிற்பார். அவர் பெயரைக் கூப்பிட்ட பிறகு, சாட்சி என்று என் பெயரைக் கூப்பிடுவார்கள். யாராவது எழுந்து போகிறார்களா என்று நீங்களே பாருங்கள்.